குலுக்கும் ஸ்போர்ட்டி கார்: எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது

சிறிய கார், டர்போ எஞ்சின், 16 அங்குல அலாய் வீல், சிவப்பு நூல் தைத்த இருக்கை. ஆசைப்பட்டு இப்படியொரு ஹேட்ச்பேக்கை வாங்கியவர்கள் பலர், இரண்டே மாதத்தில் மெக்கானிக் முன்னால் போய் நிற்கிறார்கள். நெடுஞ்சாலையில் அருமையாகப் போகும் கார், ஊருக்குள் வந்ததும் முதுகை உடைக்கிறது. பின்சீட்டில் உட்கார்ந்த அம்மா அடுத்த முறை பஸ்ஸிலேயே வருகிறேன் என்கிறார். இதற்கு என்ன செய்யலாம்?

செய்வதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் வரிசை முக்கியம். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரை மாற்று, ஸ்பிரிங்கை மாற்று, நடுவில் ரப்பர் வை என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எல்லாமே ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் யோசனைகள். பைசா செலவில்லாமல் சரிபார்க்கக்கூடிய காற்றழுத்தத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. செலவு குறைந்ததும் திரும்பப் பழையபடி ஆக்கக்கூடியதும் முதலில். செலவு கூடியதும் மீட்க முடியாததும் கடைசியில். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் பாதி வெற்றி.

இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்காட்டாக ஹூண்டாய் ஐ20 என் லைனை (N Line) வைத்துக்கொள்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி, 2021இல் இங்கே விற்பனைக்கு வந்த கார். காரின் உடலைச் சக்கரங்களின் மேல் தாங்கும் சஸ்பென்ஷன் சாதாரண ஐ20யைவிட இதில் இறுக்கம். பழைய கார் சந்தையில் கிடைக்கும் ஃபோர்டு ஃபிகோ எஸ், ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி., மாருதி பலேனோ ஆர்.எஸ்., ஃபியட் அபார்த் புன்டோ ஆகியவற்றுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

ஏன் இடிக்கிறது?

வளைவில் வேகமாகத் திரும்பும்போது கார் ஒரு பக்கமாகச் சாயக் கூடாது. ஸ்டியரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்ப வேண்டும். இதற்காகத்தான் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சாய்வைத் தடுக்கும் ஆன்ட்டி ரோல் பார் எல்லாவற்றையும் இறுக்கமாக அமைக்கிறார்கள். கூடவே பக்கச்சுவர் குட்டையான டயரையும் போடுகிறார்கள். அந்த இறுக்கத்தின் விலையைத்தான் நாம் குழியில் கொடுக்கிறோம்.

சொகுசை மனத்தில் வைத்து அமைத்த காரின் உடல் ஸ்பிரிங்கின் மேல் நொடிக்கு ஏறக்குறைய ஒரு முறை ஏறி இறங்கும். ஸ்போர்ட்டி காரில் அது ஒன்றரை முறைக்கும் மேலே போகும். இதுகூடப் பெரிய தொந்தரவு இல்லை. மேலும் கீழுமான ஆட்டத்தில் மனித உடலை அதிகம் வாட்டுவது நொடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான அதிர்வு. தேய்ந்த தார்ச் சாலையின் சொரசொரப்பிலும், வரிசையாகப் போட்ட பட்டை வேகத்தடைகளிலும் உடம்புக்கு வந்து சேர்வது இந்த வகை நடுக்கம். ஸ்பிரிங் இதில் அதிகம் ஈடுபடாது. டயரும், ஷாக் அப்சார்பரும், உலோகப் பாகங்கள் சேரும் இடங்களில் உள்ள ரப்பர் புஷ்களும்தான் இதை வடிகட்ட வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றியும் நிம்மதி கிடைக்கவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஐ20யின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2,580 மில்லிமீட்டர் தூரம்தான். பெரிய செடானில் முன்சக்கரம் வாங்கிய அடி அடங்கிய பிறகு பின்சக்கரம் அடி வாங்கும். சிறிய காரில் இரண்டும் அடுத்தடுத்து வந்து விழுகின்றன. பின்பக்கம் இரு சக்கரங்களையும் ஒரே உத்தரம் இணைப்பதால் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதையும் கொஞ்சம் இழுக்கும். சக்கர அச்சுக்கு ஏறக்குறைய மேலேயே உட்காரும் பின்சீட்டுப் பயணிக்கு அந்த அடி நேராகப் போகிறது. இவை பிறவிக் குணங்கள். இவற்றை மாற்ற முடியாது. இவற்றோடு சேர்ந்துகொண்ட மற்றவற்றை மாற்றலாம்.

முதல் படி: குணமா, பழுதா என்று பிரியுங்கள்

உங்கள் வீட்டுக்கு அருகில் பத்து நிமிடத்தில் சுற்றி வரக்கூடிய ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு உயரமான வேகத்தடை, ஓரம் கூரான ஒரு குழி, சொரசொரப்பான ஒரு தெரு, முடிந்தால் ஒரு மேம்பாலம் இருக்கட்டும். மேம்பாலத்தில் தளங்கள் சேரும் இடத்தில் உள்ள இரும்பு இணைப்புகள் நல்ல பரிசோதனைக் கருவி. சென்னையில் இருப்பவர்களுக்குக் கத்திப்பாரா போதும். எந்த மாற்றம் செய்தாலும் இதே பாதையில், இதே வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் செலவு செய்த மனம், ஆகாத முன்னேற்றத்தையும் ஆனதாக நம்பிவிடும்.

பாட்டை நிறுத்துங்கள், கண்ணாடியை ஏற்றுங்கள், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இணைப்பின் மேல் ஏறும்போது 'டப்' என்று ஒரே ஒரு இறுக்கமான அடி. அதன்பின் கார் உடனே நிலைகொள்கிறது. இது இறுக்கமான சஸ்பென்ஷனின் இயல்பு. வேகத்தடையைத் தாண்டிய பிறகும் மூக்கு இரண்டு மூன்று முறை ஆடுகிறது என்றால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது. சிறு குழிகளில் 'டக் டக்' என்று உலோகம் தட்டும் ஓசை வந்தால் பெரும்பாலும் ஆன்ட்டி ரோல் பாரை இணைக்கும் லிங்க் ராட், அல்லது சக்கரத்தைக் கீழிருந்து உடலோடு பிடிக்கும் லோயர் ஆர்மின் புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது முன்பக்க மேல்மூலையில் 'டங்' என்று ஸ்பிரிங் விடுபடுவதுபோல் கேட்டால், முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனையை உடலோடு பிடிக்கும் ஸ்ட்ரட் மவுண்ட். 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் அது சஸ்பென்ஷனே இல்லை. வீல் பேலன்சிங் போயிருக்கிறது, அல்லது குழியில் விழுந்து அலாய் வீல் வளைந்திருக்கிறது.

தேய்ந்த ஷாக் அப்சார்பர் காரை மெத்தென்று ஆக்கிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சில காரில் நேர்மாறாக நடக்கும். கட்டுப்படுத்த ஆளில்லாமல் ஸ்பிரிங் முழுவதுமாக அமுங்கி, உள்ளே இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் போய் முட்டும். அந்த முட்டலைத்தான் நாம் 'கார் ரொம்ப ஸ்டிஃப்' என்று சொல்லிக்கொண்டிருப்போம். 50,000 கிலோமீட்டர் தாண்டிய பழைய காரை வாங்கியவர்கள் இந்தச் சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: காற்று

இந்தப் படியை விரிவாகச் சொல்கிறேன். பல கார்களில் பிரச்சினையின் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் எவ்வளவு அழுத்தம் என்று போட்டிருக்கும். பல கார்களில் இரண்டு வரிசை இருக்கும்: முதலாவது, இரண்டு மூன்று பேர் போகும்போது; மற்றது ஐந்து பேரும் சாமானும் ஏற்றும்போது. கணக்கு பாரிலோ கிலோபாஸ்கலிலோ இருந்தால் கவலை வேண்டாம். 1 பார், அதாவது 100 கிலோபாஸ்கல், பங்க்கில் சொல்லும் பி.எஸ்.ஐ. கணக்கில் 14.5. நீங்கள் தினமும் தனியாக அலுவலகம் போகிறவர் என்றால் முதல் வரிசைதான் உங்களுக்கு.

இப்போது பெட்ரோல் பங்க்கில் நடப்பதைப் பாருங்கள். காற்றுப் பிடிப்பவர் 'முப்பத்தாறு வைக்கட்டுமா?' என்று கேட்கிறார். நாமும் தலையாட்டுகிறோம். ஸ்டிக்கரில் 32 அல்லது 33 என்று போட்டிருக்கும் காரில் 36 வைத்தால் ஏற்கெனவே குட்டையான பக்கச்சுவர் இன்னும் விறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கல்லும் தெரியும். 16 அங்குல வீலில் இந்த மூன்று நான்கு பி.எஸ்.ஐ. வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் உணரலாம்.

சொந்தமாக ஒரு டயர் கேஜ் வாங்கிவிடுங்கள். விலை சில நூறு ரூபாய்தான். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எல்லாச் செலவிலும் இதுதான் அதிகப் பலன் தருவது. காலையில், இரவெல்லாம் நின்ற காரில் அளக்க வேண்டும். குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். பங்க் பக்கத்தில் இருந்தால் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் ஓட்டிப் போய் அளப்பதில் தவறில்லை. வால்வு மூடியைக் கழற்றி, கேஜைச் சாய்க்காமல் நேராக ஒரே அழுத்தாக அழுத்துங்கள். லேசாக ஒரு 'ஸ்' கேட்டு நின்றுவிட வேண்டும். தொடர்ந்து காற்று சீறினால் கேஜ் சாய்ந்திருக்கிறது, அந்த அளவு பொய். இரண்டு முறை அளந்து இரண்டும் ஒத்துவந்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியையும் விட்டுவிடாதீர்கள்.

குளிர்ந்த டயர் என்று ஏன் வற்புறுத்துகிறேன்? டயருக்குள் இருக்கும் காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். மே மாத மதியத்தில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஓட்டிப் போய் அளந்தால், காலையில் 33 இருந்தது 37 காட்டலாம். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் 29இல் நிற்பீர்கள். சூடான டயரில் காற்றை இறக்கவே இறக்காதீர்கள்.

அடுத்த சபலம், ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் குறைத்து வைப்பது. இன்னும் மெத்தென்று இருக்குமே என்று தோன்றும். வேண்டாம். காற்று குறைந்த டயர் ஓடும்போது அதிகம் மடங்கி மடங்கிச் சூடேறும். நம் ஊர் வெயிலில் நெடுஞ்சாலை வேகத்தில் டயர் வெடிப்பதற்கு அது ஒரு காரணம். அதோடு, கூரான குழியில் விழும்போது பக்கச்சுவர் முழுவதும் அமுங்கி, சாலைக்கும் அலாய் வீலின் விளிம்புக்கும் இடையில் டயர் நசுங்கும். பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் புறப்பட்டால் உள்ளே இழை அறுந்துவிட்டது என்று பொருள். அந்த டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பஞ்சர் கடையில் அதற்கு வைத்தியம் கிடையாது.

நைட்ரஜன் பிடித்தால் குலுக்கல் குறையும் என்று சொல்வார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அழுத்தம் ஒன்றாக இருந்தால் சவாரியும் ஒன்றுதான்.

மூன்றாம் படி: டயரின் வயதும் வகையும்

டயரின் பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பழைய கார் வாங்கியவர்கள் இதைப் பார்த்தே ஆக வேண்டும். கிலோமீட்டர் குறைவாக ஓடிய காரில் பட்டன் முழுதாக இருக்கும், பார்க்கப் புதிது போலிருக்கும். ஆனால் ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஐந்தாறு வருடம் ஆன டயர் என்றால் சத்தமும் கூடும், இடிப்பும் கூடும், மழையில் பிடிப்பும் குறையும். மற்ற எதையும் யோசிக்கும் முன் இதை மாற்றுங்கள்.

மாற்றும்போது எந்த டயர்? அளவு ஒன்றாக இருந்தாலும் எல்லா டயரும் ஒன்றல்ல. வளைவில் பிடிப்புக்காகச் செய்த டயரின் பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். மிஷலின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் டூரான்சா, யோகோஹாமா புளூஎர்த் போன்ற வரிசைகள் சொகுசையும் அமைதியையும் குறிவைத்தவை. தினசரி ஓட்டத்துக்கு இவைதான் என் சிபாரிசு. வளைவில் கூர்மை ஒரு பிடி குறையும் என்பது உண்மை. சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் ஊரில் அது தெரியப்போவதில்லை.

கடையில் கேட்க வேண்டிய இன்னொரு விவரம், டயர் அளவுக்குப் பின்னால் வரும் எண். 195/55 ஆர்16 அளவில் 87 என்று இருந்தால் அந்த டயர் 545 கிலோ தாங்கும். அதே அளவில் 91 என்று இருந்தால் 615 கிலோ தாங்கும் எக்ஸ்ட்ரா லோடு வகை. பெரிய எண்தானே நல்லது என்று கடைக்காரர் அதை எடுத்துக்கொடுப்பார். காரின் கையேடு 87 போதும் என்றால் அதையே வாங்குங்கள். கூடுதல் பாரம் தாங்கச் செய்த டயர் பொதுவாக விறைப்பும் கூடுதலாக இருக்கும். கையேட்டில் உள்ளதைவிடக் குறைந்த எண்ணை மட்டும் ஒருபோதும் போடக் கூடாது.

மினி கூப்பர் எஸ் போன்ற காரை வைத்திருப்பவர்கள், டயரில் ரன்ஃபிளாட் என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். காற்று போன பிறகும் கொஞ்ச தூரம் ஓட வேண்டும் என்பதற்காக இவற்றின் பக்கச்சுவரைத் தடிமனாக்கியிருப்பார்கள். இவற்றைச் சாதாரண டயருக்கு மாற்றினாலே கார் வேறாகிவிடும். ஆனால் ஸ்டெப்னி இல்லாத கார் அது. பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸரும் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு மாற்றுங்கள்.

நான்காம் படி: வீலை ஒரு அங்குலம் குறைப்பது

அழகுக்காக எல்லோரும் பெரிய வீலுக்குப் போகிறார்கள். குலுக்கல் தாங்காதவர் போக வேண்டியது எதிர்த்திசையில். கணக்கைப் பாருங்கள். 195/55 ஆர்16 டயரில் பக்கச்சுவரின் உயரம் 195இல் 55 சதவீதம், அதாவது சுமார் 107 மில்லிமீட்டர். 185/65 ஆர்15 என்றால் 120 மில்லிமீட்டர். யாரோ சொன்னார்கள் என்று 205/45 ஆர்17க்குப் போனால் 92 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். இதில் நல்ல சேதி என்னவென்றால், முதல் இரண்டு அளவுகளிலும் சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறக்குறைய 621 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே வேகமானி மாறாது, காரின் உயரம் மாறாது, சாலைக்கும் வீலுக்கும் நடுவில் 13 மில்லிமீட்டர் கூடுதல் ரப்பரும் காற்றும் கிடைக்கிறது. சிறிய வீல் எடை குறைவாகவும் இருந்தால் இன்னும் நல்லது. குழியில் தூக்கியெறியப்படும் எடை குறைய, ஷாக் அப்சார்பரின் வேலையும் குறைகிறது.

கையில் கொஞ்சம் பணம் இருந்து, ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். பழைய 16 அங்குல வீல்களை விற்றுவிடாமல் மாடியில் வைத்துவிடுங்கள். காரை விற்கும்போது மாட்டிக் கொடுக்கலாம்.

வாங்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள். ஒன்று, ஸ்போர்ட்டி மாடல்களில் பிரேக் பெரிதாக இருக்கும். ஐ20 என் லைனில் நான்கு சக்கரத்திலும் டிஸ்க். 15 அங்குல வீல், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் உரசாமல் சுற்றுகிறதா என்று முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் மாட்டிப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். இரண்டு, போல்ட் அமைப்பும் நடுத்துளையும். ஐ20க்கு 4 துளை, 100 மில்லிமீட்டர் வட்டம், நடுத்துளை 54.1 மில்லிமீட்டர், போலோவுக்கு 5 துளை. நடுத்துளை பெரிதாக இருந்தால் அதற்கேற்ற வளையம் போட வேண்டும். மூன்று, வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்பதைச் சொல்லும் ஆஃப்செட் அளவு பழையதற்கு நெருக்கமாக இருக்க வேண்டும். புதிய வீலை மாட்டி நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி ஒரு முறை, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: காரின் அடியில்

புதுக் கார் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். மூன்று நான்கு வருடம் ஓடிய கார் என்றால் லிஃப்டில் ஏற்றி, நீங்களும் அடியில் போய் நின்று பாருங்கள். மெக்கானிக் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் பயனில்லை.

லோயர் ஆர்ம் உடலோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். கடப்பாரையால் லேசாக நெம்பச் சொல்லி, ரப்பரில் வெடிப்பு விரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாக் அப்சார்பரின் உடல் முழுவதும் எண்ணெய் வழிந்து அதில் மண் அப்பியிருக்கிறதா? இலேசான ஈரப்பசை பரவாயில்லை. வழிந்தோடிய தடம் இருந்தால் அது முடிந்துபோன பொருள். தூசு உறை கிழிந்திருக்கிறதா, உள்ளே பம்ப் ஸ்டாப் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கிறதா? பின் உத்தரம் உடலோடு சேரும் இரண்டு பெரிய புஷ்களையும் மறக்காமல் பாருங்கள். பின்சீட்டில் மட்டும் அடி அதிகம் என்ற புகாருக்குப் பல முறை இவைதான் காரணம்.

புஷ் மாற்றினால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். புது ரப்பர் புஷ் போட்ட லோயர் ஆர்மின் போல்ட்டை, கார் லிஃப்டில் இருக்கும்போது, சக்கரம் கீழே தொங்கும் நிலையிலேயே முழுதாக இறுக்கிவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் காரைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே ஏறும். தொங்கும் நிலையில் பிடிபட்ட ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். நிற்கும்போதே முறுக்கேறிய ரப்பருக்குக் குழியில் வளைந்து கொடுக்க இடமிருக்காது. புது புஷ் போட்டும் கார் இன்னும் விறைத்துக்கொண்டு நிற்கும், ஆறே மாதத்தில் ரப்பர் கிழியும். சரியான முறை: போல்ட்டைக் கைப்பிடிப்புக்கு மாட்டிவிட்டு, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையிலோ, ஜாக்கியால் ஆர்மை அந்த உயரத்துக்கு ஏற்றிய நிலையிலோ கடைசி இறுக்கு. 'அண்ணே, வண்டியை இறக்கிவிட்டு டைட் வையுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலை தெரிந்தவர் முகம் சுளிக்க மாட்டார்.

ஷாக் அப்சார்பர் மாற்றுவதாக முடிவானால் ஒரே ஒரு பக்கம் மாற்றக் கூடாது. முன் ஜோடி, பின் ஜோடி என்று ஜோடியாகத்தான். அவிழ்க்கும் கூலி ஒன்றுதான் என்பதால் ஸ்ட்ரட் மவுண்ட், பம்ப் ஸ்டாப், தூசு உறை மூன்றையும் அதோடு புதிதாகப் போட்டுவிடுங்கள். பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

எந்த ஷாக் அப்சார்பர் என்ற கேள்விக்கு என் பதில், முதலில் அதே காருக்கான கம்பெனி உதிரிப்பாகம். ஸ்போர்ட்டி மாடலுக்குப் பதில் அதே காரின் சாதாரண மாடலுக்கு வரும் ஷாக் அப்சார்பரைப் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஸ்பிரிங் ஸ்போர்ட்டி மாடலுடையதாகவே இருக்க, ஷாக்கை மட்டும் மென்மையானதாக மாற்றினால் நெடுஞ்சாலையில் கார் படகு மாதிரி மிதக்கும். அவசரமாகத் தடம் மாறும்போது பயமாக இருக்கும். கோனி போன்ற நிறுவனங்கள், சிறு அதிர்வுக்கு இளகியும் உடல் சாயும்போது இறுகியும் வேலை செய்யும் ஷாக் அப்சார்பர்களைச் செய்கின்றன. உங்கள் காரின் மாடலுக்கென்றே அது கிடைத்தால், செலவு பெரிதென்றாலும் பொருள் நல்லது. கிட்டத்தட்டப் பொருந்தும் என்று எவராவது வேறு காருடையதைக் காட்டினால் வாங்காதீர்கள்.

தொடவே கூடாதவை

அக்சசரி கடைகளில் ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவில் செருகும் ரப்பர் பஃபர் விற்கிறார்கள். 'குலுக்கலும் குறையும், காரின் அடிப்பாகமும் தரையில் தட்டாது' என்று சொல்லி விற்பார்கள். இரண்டாவது ஓரளவு உண்மை. முதலாவது சுத்தப் பொய். ஒரு சுருளுக்கு நடுவில் ரப்பரைத் திணித்தால் அந்தச் சுருள் வேலை செய்வதை நிறுத்திவிடும். வேலை செய்யும் சுருள்கள் குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் இறுக்கமாகும். குலுக்கலுக்காக வந்தவரிடம் குலுக்கலைக் கூட்டும் பொருளை விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. முன்பு வைத்திருந்தவர் போட்டுவிட்டுப் போயிருக்கவும் கூடும். பழைய கார் வாங்கியவர்கள் சக்கர வளைவுக்குள் எட்டிப் பாருங்கள். இருந்தால் கழற்றுங்கள். அதுவே பெரிய நிவாரணம்.

ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவதும் அப்படித்தான். வெட்டிய ஸ்பிரிங் இறுக்கம் கூடும், நகர்வதற்கு இருக்கும் இடம் குறையும், ஒவ்வொரு பெரிய குழியிலும் பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். சில நேரம் ஸ்பிரிங் தன் தட்டிலிருந்தே விலகிவிடும். இது உயிர் சம்பந்தப்பட்டது. இதற்கு மேல், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. வாரண்டி உள்ள காரில் சஸ்பென்ஷனைத் தொடுவதாக இருந்தால் சர்வீஸ் சென்டரிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொண்டு செய்வதே பாதுகாப்பு.

ஓட்டும் முறை

வேகத்தடையின் மேல் பிரேக்கை அழுத்திக்கொண்டே ஏறுகிறவர்கள்தான் அதிகம். பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னால் சாய்ந்து முன் ஸ்பிரிங் ஏற்கெனவே பாதி அமுங்கியிருக்கும். அந்த நேரத்தில் மேடும் வந்தால் மிச்சம் இருக்கும் இடம் போதாமல் இடிக்கும். மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, முன்சக்கரம் தொடுவதற்குச் சற்று முன் பிரேக்கை விட்டுவிடுங்கள். மூக்கு மேலெழும், ஸ்பிரிங்குக்கு முழு இடமும் திரும்பக் கிடைக்கும். பெரிய குழியில் இறங்கும்போதும் இதுவே. ஒரு வாரம் பழகினால் கால் தானாகச் செய்யும்.

சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொன்ன அளவுப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டலாம். நம் தெருக்களில் ஊர்க்காரர்கள் போட்ட மேடுகள் அந்த உயரத்தை ஒரு முழ அகலத்துக்குள் அடக்கியிருக்கும். அவற்றில் நடை வேகம்தான்.

மேட்டைச் சாய்வாக ஏறலாமா? காரின் அடிப்பாகம் தட்டும் என்ற பயம் இருந்தால் மட்டும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்போது ஆன்ட்டி ரோல் பார் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். தலை இடவலமாக ஆடும். அடி தட்டாத காரில் இரு சக்கரமும் ஒன்றாக ஏறும்படி நேராகப் போவதுதான் சுகம்.

பெரியவர்களையும், கர்ப்பிணிகளையும், முதுகுவலி உள்ளவர்களையும் முன்சீட்டில் உட்கார வையுங்கள். இரு அச்சுகளுக்கும் நடுவில் வரும் இடம் அதுதான். குலுக்கல் அங்கே குறைவு. ஓட்டுகிறவர், சாய்மானத்தை ரொம்பப் பின்னால் சாய்க்காமல், இடுப்பின் பின்புறம் முழுவதும் இருக்கையில் படும்படி நெருங்கி உட்கார வேண்டும். இடுப்புக்கும் இருக்கைக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் ஒவ்வொரு அடியையும் முதுகெலும்பு தனியாக வாங்கும். டிக்கியில் நிரந்தரமாகக் கிடக்கும் சாமான்களை இறக்கிவிடுங்கள். ஐந்து பேரோடு வெளியூர் போகும்போது மட்டும் ஸ்டிக்கரின் இரண்டாம் வரிசைக்குக் காற்றை ஏற்றி, திரும்பி வந்ததும் மறுநாள் காலையில் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு

ஷோரூம்காரர் காட்டும் வழவழப்பான சாலையில் டெஸ்ட் டிரைவை முடித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுத் தெருவுக்கே காரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டில் தினமும் பின்சீட்டில் உட்காரப்போகிறவர் யாரோ அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டுங்கள். பிறகு வண்டியை யாரையாவது ஓட்டச் சொல்லி நீங்களும் பின்னால் உட்காருங்கள். அதே மாடலின் 15 அங்குல வீல் வகையும் கிடைத்தால் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். புறப்படும் முன் கேஜால் நான்கு டயரையும் அளந்துகொள்ளுங்கள். டெஸ்ட் டிரைவ் கார்களில் காற்று கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பது சகஜம், அந்தக் கணக்கில் கார் தன் உண்மையான குணத்தைக் காட்டாது. பழைய கார் என்றால் டயரின் நான்கு இலக்கம், ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர், ஷாக்கில் எண்ணெய்த் தடம் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே விலை பேசுங்கள். நான்கு டயரும் ஒரு ஜோடி ஷாக்கும் மாற்ற வேண்டியிருந்தால் அதற்கான தொகையை விலையிலேயே குறைத்துக் கேளுங்கள்.